ஃபண்ட் ஒஃப் ஃபண்ட்ஸிலிருந்து நேரடி முதலீட்டுக்கு

அடுத்த மாதம் தொடக்கம் எனக்கு நேரடி முதலீட்டு வேலை. அம்மாவுக்குச் சொல்லியாயிற்று, இனி உங்களுக்கும் சொல்லலாம். பெரிய சந்தோசம்.

இதுவரை பார்த்தது ஃபண்ட் ஒஃப் ஃபண்ட்ஸ். அதாவது, நாங்கள் கம்பனிகளில் காசு போடுவதில்லை. போடுகிற நிதி முகாமையாளர்களைத் தேடி அவர்களிடம் கொடுப்போம். அவர்கள் வழமையாக ஆண்டுக்கு, பொறுப்பில் விட்ட காசில் 2 வீதக் கட்டணமும் இலாபத்தில் 20 வீதமும் எடுப்பார்கள். அதற்கு மேல் எங்கள் கட்டணம் வேறு. பல இடங்களில் பரப்பிப் போட விரும்புகிற ஓய்வூதிய நிதிகளுக்கு அது பெறுமதிதான். ஆனால் ஒரு கம்பனியை வாங்குவதா விடுவதா என்ற முடிவு என் கையில் இருந்ததில்லை. அந்த ஆசைதான் இழுத்தது.

இதே பாதையில் வர நினைக்கிற தம்பி தங்கைகளே, முதலில் இருக்கிற இடத்திலேயே இணை முதலீட்டு வேலையை, அதாவது நிதி முகாமையாளரோடு சேர்ந்து ஒரு கம்பனியில் நேராகவும் காசு போடும் வேலையை, கேட்டு வாங்குங்கள். நாலு பேரிடம் விசாரித்து ஆளை எடைபோட்ட பழக்கம் வீண்போகாது. ஆனால் நேர்முகத்தில் எக்செல்லைத் திறந்து, கடனோடு ஒரு கம்பனியை வாங்கும் கணக்கைப் போடச் சொல்வார்கள்.

பயிற்சிக்குத் தூரம் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணம் குருநகரில் நண்டு வாங்கி ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நினையுங்கள். மீனவருக்கு அன்றன்றே காசு. வெளிநாட்டுப் பணம் வர வாரக்கணக்கு. இடையில் ஐஸ், மின்சாரம், சம்பளம். புத்தகத்தில் இலாபம் இருக்கும், பெட்டியில் காசு இராது. அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்று பார்த்தால் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாட வியாபாரத்தை ஓட்டத் தேவையான காசு, வடிவாக விளங்கும்.

என் பயிற்சிக் கோப்பு வேண்டுமானால் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.