ஆடித் தள்ளுபடி பில்லில் ஏறிய 40 ரூபாய்

வாசலில் ‘50% தள்ளுபடி’ என்று பேனர். சட்டையின் டேக்கில் எம்ஆர்பி 1,600. பில்லில் 800-க்கு மேல் ஜிஎஸ்டி 5% என்று 40 ரூபாய் சேர்த்து 840 போட்டார்கள். கணக்குப் பார்த்தால் தள்ளுபடி 47.5% தான். கேட்டதற்கு, “ஆஃபர் ஐட்டத்துக்கு டேக்ஸ் தனி சார், பேனர்லயே போட்டிருக்கு” என்றார் கவுன்டரில் இருந்தவர். போட்டிருந்தது உண்மைதான், குனிந்து பார்த்தால் தெரிகிற எழுத்தில்.

எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதில் பாதி என்றால் அந்தப் பாதியிலும் வரி அடங்கியாக வேண்டும். சரியான பில்லில் 761.90 விலை, 38.10 வரி, மொத்தம் 800 என்று இருக்கும். வாட் வரி இருந்த காலத்து வழக்கு ஒன்றில், தள்ளுபடி விலைக்கு மேல் வரி போடுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-லேயே சொல்லிவிட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அது சமரசம் பேசும் இடம். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று கடை பதில் எழுதியது, புகாரை முடித்துவிட்டார்கள்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். இங்கேதான் இரண்டு வாரம் வீண். போர்டில் இருந்த பெயருக்கு அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்தது. போர்டில் இருப்பது வெறும் பிராண்ட் பெயர், நிறுவனம் வேறு. பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் சட்டப்படியான பெயர் வந்துவிடும். முதலிலேயே அதைச் செய்யுங்கள்.

டேக்கைத் தூக்கிப் போடாதீர்கள். எம்ஆர்பிக்கு அதுதான் சாட்சி. அதில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரிக்காமல் படம் எடுங்கள். விலையை ஏற்றி ஒட்டியிருந்தால் அது தனிக் குற்றம்; தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் தரலாம். பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், தெர்மல் தாள் சில மாதத்தில் வெளுத்துவிடும். பேனரைப் படம் எடுக்கும்போது அடியில் இருக்கும் பொடி எழுத்தும் விழட்டும்.

நோட்டீஸுக்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

அதுவரை போகத் தேவைப்படவில்லை. சரியான பெயருக்குப் போன நோட்டீஸுக்குப் பத்தாம் நாள் போன் வந்தது. 40 ரூபாயும் நோட்டீஸ் செலவும் அக்கவுன்ட்டில் ஏறிவிட்டது.