ஒமேகா சாப்டர் எந்த ஊர்ல இருக்கு?

அமெரிக்கால மாஸ்டர்ஸ் படிக்கும்போது யூனிவர்சிட்டி லைப்ரரி ஆவணக் காப்பகத்துல பார்ட் டைம் வேலை கிடைச்சுது. ஃப்ரட்டர்னிட்டி (காலேஜ் பசங்க சங்கம்), சொராரிட்டி (பொண்ணுங்க சங்கம்) இதுகளோட சாப்டர், அதாவது கிளை, ஒவ்வொண்ணும் எந்த காலேஜ்ல, எப்ப ஆரம்பிச்சு எப்ப மூடினாங்கன்னு ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்தணும், அவ்ளோதான். ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்னு நெனச்சேன், ஒரு செமஸ்டர் முழுங்கிடுச்சு.

முதல் அடி மயாமில. பீட்டா தீட்டா பை 1839, ஃபை டெல்டா தீட்டா 1848, சிக்மா கை 1855, மூணுமே மயாமி யூனிவர்சிட்டில ஆரம்பிச்சதுன்னு இருந்துச்சு, நானும் கண்ண மூடிட்டு மூணுக்கும் ஃப்ளோரிடான்னு அடிச்சிட்டேன். அந்த மயாமி ஒஹையோ மாநிலத்துல ஆக்ஸ்ஃபோர்டுங்கற சின்ன ஊர்ல இருக்கு. ஃப்ளோரிடால இருக்கறது 1925ல வந்தது, அதாவது அம்மா பொறக்கறதுக்கு 86 வருஷம் முன்னாடியே பிள்ளைக்கு பேர் வச்சிருக்கேன்.

பேர் குழப்பம் தனி ரகம். காப்பா ஆல்ஃபான்னே ரெண்டு இருக்கு, ஒண்ணு 1825ல நியூயார்க் மாநிலத்து யூனியன் காலேஜ்ல, இன்னொண்ணு 1865ல வர்ஜீனியால, ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. பை பீட்டா ஃபை 1867ல மான்மத் காலேஜ்ல தொடங்கினப்போ அதோட பேரு ஐ.சி. சொரோசிஸ், 1888லதான் இப்ப இருக்கற பேரு. அதனால 1875 காலேஜ் பத்திரிகைல பை பீட்டா ஃபைன்னு தேடினா ஒண்ணும் சிக்காது, சிக்கலைன்னதும் "சாப்டர் இல்ல"ன்னு எழுதிடுவோம். எனக்கு முன்னாடி இருந்த யாரோ அப்படித்தான் எழுதி வச்சிருந்தாங்க.

தேதி அதுக்கும் மேல. பசங்க உள்ளூர் கிளப்பா கூடின நாள் ஒண்ணு, தலைமை சார்ட்டர், அதாவது கிளை நடத்த அனுமதிப் பத்திரம், குடுத்த நாள் ஒண்ணு, விழா வச்சு சேத்துக்கிட்ட நாள் ஒண்ணு, நடுவுல மூடி திரும்ப தொறந்திருந்தா அது வேற. நூறாவது ஆண்டு மலர்ல எப்பவும் இருக்கறதுலயே பழைய தேதிதான் இருக்கும், வயசு கூட இருந்தா கெத்து இல்லியா. நான் எல்லாத்தையும் தனித்தனியா போட்டு, எதுல பாத்தேன்னும் பக்கத்துல எழுத ஆரம்பிச்சேன். வேலை ரெண்டு மடங்காச்சு, ஆனா அப்புறம் யாரும் சண்டைக்கு வரல.

இப்ப ஒமேகா. சாப்டருக்கு கிரேக்க எழுத்து வரிசைல ஆல்ஃபா, பீட்டான்னு பேர் வச்சிட்டே போவாங்க, தீந்துட்டா ஆல்ஃபா ஆல்ஃபான்னு மறுபடி. ஒரு டப்பால பழைய மெம்பர் கார்டு நெறைய, அதுல பல பேருக்கு "ஒமேகா சாப்டருக்கு மாறினார்"னு தேதியோட இருந்துச்சு. நானும் ஒமேகான்னு ஒரு வரி தொறந்து எல்லாரையும் அதுல சேத்துட்டேன், ஊர் மட்டும் எங்க தேடியும் கிடைக்கல. ரெண்டு நாள் கழிச்சு சூப்பர்வைசர் அம்மாகிட்ட கேட்டேன். அவங்க கார்ட பாத்துட்டு மெதுவா, "இவங்க எல்லாம் இறந்துட்டாங்கப்பா"ன்னாங்க. ஒமேகா கிரேக்கத்துல கடைசி எழுத்து, நம்ம ஊர்ல சிவலோக பதவி அடைஞ்சார்னு போடற மாதிரி.

அந்த வரிய அழிச்சிட்டு ஒவ்வொரு தேதியா எடுத்து இறந்த நாள்னு மாத்தினேன். ஒரே ஒரு கார்டுல தேதி இல்ல, ஒமேகாங்கற வார்த்தை பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி. அந்த கேள்விக்குறிய அப்படியே ஏத்திட்டேன்.