விண்வெளி வானிலைத் தாள்: முதலில் பிஇசட் கோட்டைப் பாருங்கள்

விண்வெளி வானிலைத் தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். கோட்பாட்டுப் பகுதியில் மதிப்பெண் சுமார்தான், கரைசேர்த்தது தரவுப் பகுதி. அதனால் நான் சொல்வதெல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். மனப்பாடம் நன்றாக வருகிறவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

தரவுக் கேள்வியில் எல்1 (பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள கண்காணிப்புப் புள்ளி) விண்கலத்தின் வரைபடத்தைக் கொடுத்து முன்கணிப்பு எழுதச் சொல்வார்கள். சூரியக்காற்றின் வேகம் வினாடிக்கு 800 கிமீ என்று கண்டதும் ஜி4, ஜி5 (காந்தப் புயல் அளவுகோலின் மேல் இரு படிகள்) என்று கை தானாக எழுதப் பார்க்கும். எழுதாதீர்கள். பிஇசட் (சூரியக்காற்றோடு வரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குக் கூறு) வடக்கு நோக்கி இருந்தால் எவ்வளவு வேகமாக வந்தாலும் பூமியின் காந்தமண்டலம் பெரும்பாலும் தாங்கிவிடும். தெற்கே திரும்பினால்தான் பகல் பக்கத்தில் காந்த மறுஇணைப்பு (சூரியக்காற்றின் காந்தக் கோடுகள் பூமியின் கோடுகளோடு இணைவது) நடந்து ஆற்றல் உள்ளே இறங்கும், அதுவும் கொஞ்ச நேரம் நீடிக்க வேண்டும். பிஇசட் மைனஸ் 10 நானோடெஸ்லா (மைனஸ் என்றால் தெற்கு) அல்லது அதற்கும் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் டிஎஸ்டி (புயலில் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குறைகிறது என்ற குறியீடு) மைனஸ் 100க்குக் கீழே போகும் என்று தைரியமாக எழுதலாம். என் பாதி மதிப்பெண் இந்த ஒரு விதியில் வந்ததுதான்.

அடுத்து நேரம். எல்1 இங்கிருந்து 15 லட்சம் கிமீ. வினாடிக்கு 500 கிமீ வேகம் என்றால் 3000 வினாடி, அதாவது 50 நிமிடம். 800 என்றால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். முன்னெச்சரிக்கைக்குக் கிடைப்பது அவ்வளவுதான், ஏனென்றால் சிஎம்இ (சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா மேகம்) கிளம்பும்போது எடுத்த படங்களை வைத்து அதன் பிஇசட்டை நம்பகமாகச் சொல்ல முடியாது. "முன்கணிப்பின் வரம்புகள்" கேள்விக்கு இதையே விரித்து எழுதுங்கள்.

உதாரணத்துக்கு எல்லாரும் 1859, 1989 பெரும் புயல்கள் என்று ஆரம்பிப்பார்கள், திருத்துகிறவருக்கும் அலுத்திருக்கும். 2014 அக்டோபரில் ஏஆர் 12192 என்ற பிரம்மாண்ட கரும்புள்ளிக் கூட்டம் எக்ஸ் வகை பிளேர்களாக (சூரியனின் திடீர்க் கதிர்வீச்சு வெடிப்புகளில் உச்ச வகை) வெடித்துத் தள்ளியது, ஆனால் அவற்றோடு சிஎம்இ கிளம்பவில்லை, பூமியில் பெரிய புயலும் இல்லை. 2022 பிப்ரவரியில் நேர் எதிர்: சாதாரணப் புயல்தான், மேல் வளிமண்டலம் சூடாகி விரிந்து இழுவை கூடியதில் அப்போதுதான் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 போய்விட்டன. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடைக்கே ஒரு களை வந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக:

- பிளேரின் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் வரும், பகல் பக்கத்தில் சிற்றலை வானொலி அடிபடும். புரோட்டான்கள் சில பத்து நிமிடம் முதல் மணிக்கணக்கில். சிஎம்இ ஒன்று முதல் மூன்று நாள் வரை, அசுர வேகம் என்றால் ஒரு நாளுக்குள்ளேயே. மூன்றையும் ஒரே பத்தியில் குழப்பினால் மதிப்பெண் காலி.
- கேபியை (மூன்று மணி நேரக் காந்தக் கலக்கக் குறியீடு) சராசரி எடுக்காதீர்கள், அது மடக்கை அளவு போன்றது. சராசரி வேண்டுமென்றால் அதன் நேரியல் வடிவமான ஏபிக்கு மாற்றுங்கள்.
- கொரோனா துளை (வேகமான சூரியக்காற்று வெளியேறும் பகுதி) என்றாலே 27 நாள் சுழற்சி, சூரியன் சுற்றி அது மறுபடி நம் பக்கம் வரும் காலம். கேள்வியில் போன மாதத் தரவு கொடுத்திருந்தால் சும்மா கொடுக்கவில்லை.
- சூரியச் சுழற்சி வரலாறு? நான் படிக்கவே இல்லை, கேட்கவும் இல்லை. உங்கள் பாடு.
- முன்கணிப்பை ஒற்றை எண்ணாக எழுதாமல் "ஜி3 வரை போகலாம், பிஇசட் தெற்கே நீடித்தால் ஜி4" என்று நிபந்தனையோடு எழுதுங்கள். எங்கள் தாளில் இதற்குத் தனி மதிப்பெண்ணே இருந்தது.