கிண்ணியாவில் பன்னிரண்டாம் பிறை இரவு

நபிகள் நாயகம் பிறந்த மாதமான ரபீஉல் அவ்வலின் தலைப்பிறை பற்றிக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் இருந்து அறிவிப்பு வந்த அன்றே உம்மா சொல்லிவிட்டார்: "இந்தமுறை பன்னிரண்டுக்குக் கிண்ணியாவுல நிக்கணும் மகன்." உம்மா பிறந்து வளர்ந்த வீடு அங்கேதான். இப்போது அதில் பெரிய மாமா இருக்கிறார்.

2025இல் நபி பிறந்த நாளான மீலாதுக்கு விடுமுறை செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. ஆனால் எங்கள் கணக்கில் நாள் மஃரிபோடு, பொழுது சாயும்போதே பிறக்கிறது. அதனால் பன்னிரண்டாம் பிறை வியாழன் பின்னேரமே வந்துவிடும். ஹிஜ்ரி 1447. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் பிறந்தது ஹிஜ்ரத்துக்கு, அதாவது மக்காவை விட்டு மதீனா போனதற்கு, 53 வருடம் முன்பு என்று கொண்டால், பிறைக் கணக்கில் அது 1500ஆம் பிறந்த ஆண்டு. மாமாவுக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

அஸர் தொழுதுவிட்டுத் திருகோணமலை டவுனில் இருந்து புறப்பட்டோம். கச்சான் காற்று அடங்காத காலம். ஓட்டோவுக்குள் புழுதியும் வெக்கையும். சீனக்குடா, வெள்ளைமணல் தாண்டிப் பாலத்தில் ஏறியதும்தான் கொஞ்சம் குளிர்ந்தது. 396 மீட்டர் நீளப் பாலம், 2009இல் திறந்தது. அதற்கு முன்னால் எல்லாம் பாதை என்கிற மிதவைப் படகில்தான் அக்கரை போகவேண்டும். பெருநாள், மீலாத் என்றால் அதில் கால் வைக்க இடம் கிடைக்காது என்று உம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். அன்றும் சொன்னார்.

ஊருக்குள் பச்சைக் கொடியும் மின்விளக்கும் நிறைய. அலங்காரத்தில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. ஒலிபெருக்கியில் நாலு பக்கமும் நாலு பைத்துப் பாட்டு ஒலித்தால் ஒன்றும் காதில் ஏறாது. மீலாதின் உயிர் வீட்டுக்குள்ளே, விரித்த பாயில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மாமா வீட்டு முன்வாசலில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. சாம்பிராணித் தட்டு, பன்னீர்ச் செம்பு, நடுவில் ஒரு தலையணை, அதன்மேல் கிதாபு, நபியின் புகழைச் சொல்லும் மௌலித் புத்தகம். அந்தக் கிதாபைச் சொல்லவேண்டும். உம்மம்மாவுடையது. பல வருடச் சாம்பிராணிப் புகை பட்டுத் தாள் பழுப்பேறி, ஓரங்கள் விரல் பட்டு மெலிந்து கிடக்கின்றன. எங்கே மூச்சு விடவேண்டும், எந்த அடியை இரண்டு தரம் ஓதவேண்டும் என்று உம்மம்மா ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார், அரபு எழுத்தில் எழுதிய தமிழில். அரபுத்தமிழ் அவருக்கு அத்தனை சரளம். கடைசித் தாளில் பெயர்கள்: யார் யாருக்குப் பாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதவேண்டும் என்ற பட்டியல். அவருடைய உம்மா, வாப்பா, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு தம்பி என்று நீண்டுபோகிறது. அதற்குக் கீழே உம்மம்மாவின் பெயர், இது மாமா எழுதியது, தமிழ் எழுத்தில். அரபுத்தமிழ் எழுத இப்போது வீட்டில் ஆளில்லை.

முதல் பதினொரு இரவும் சுப்ஹான மௌலித் ஓதியிருந்தார்கள். அன்றைக்குப் பர்ஸன்ஜி மௌலித். பதினெட்டாம் நூற்றாண்டில் மதீனாவில் வாழ்ந்த ஜஃபர் அல் பர்ஸன்ஜி எழுதியது. பாத்திஹாவுக்குப் பிறகு குர்ஆனில் சூரா அஹ்ஸாபின் 56ஆம் வசனம். அல்லாஹ்வும் வானவர்களான மலக்குகளும் நபியின் மேல் ஸலவாத்து என்ற வாழ்த்துச் சொல்கிறார்கள், ஈமான் கொண்டவர்களே நீங்களும் சொல்லுங்கள் என்கிற ஆயத்து. அதற்குப் பிறகு ஓதுவிக்கும் லெப்பை தொடங்கினார். அவர் ஒரு பகுதியை ஓதி முடிக்க, நாங்கள் ஸலவாத்தில் சேர்ந்துகொள்வோம். நபி பிறக்கும் முன்பே வாப்பா அப்துல்லாஹ் இறந்துபோனது, ஆறு வயதில் உம்மா ஆமினாவையும் எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபையும் இழந்தது எல்லாம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதைதான். தெரிந்திருந்தும், யதீமாக நின்ற அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது உள்ளறையில் பெண்களின் ஸலவாத் சத்தம் ஒரு படி உயர்ந்தது.

பிறப்பைச் சொல்லும் இடம் வந்ததும் எல்லோரும் எழுந்தோம். "யா நபி ஸலாம் அலைக்கும்." ஒருவர் பன்னீர் தெளித்துக்கொண்டே வந்தார். முழங்கால் வலிக்காரரான மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதிரை கொண்டுவந்த பேரனைக் கையசைத்து அனுப்பிவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மதீனாவுக்குப் போகக் கொடுத்துவைக்காதவன் நான். அந்த ஸலாமை அங்கே போய்ச் சொல்லவேண்டும் என்ற ஆசை மட்டும் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

துஆ முடிந்ததும் சஹன். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய், அச்சாறு. கடைசியில் வட்டிலப்பம், கூடவே கிண்ணியாச் சட்டித் தயிர். இதற்குத்தான் மச்சான் வந்து சேர்ந்தார். மாமாவின் மூத்த மகன். மௌலித் ஓதுவதை அவர் ஏற்பதில்லை. நபியும் அவர் தோழர்களான சஹாபாக்களும் செய்யாத காரியம் என்பார். திங்கட்கிழமை நோன்பு பற்றிக் கேட்டபோது, அது நான் பிறந்த நாள் என்று நபி சொன்ன ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பிறந்த நாளுக்கு நோன்பு வைப்போமே என்பது அவர் பேச்சு. வைக்கவும் வைக்கிறார். "அந்த ஹதீஸே போதும்டா, அந்த நாளுக்கு மதிப்பு இருக்கெண்டு காட்ட" என்பது மாமாவின் பதில். இந்த வழக்கு எங்கள் ஊர்களில் பல வீடுகளில் ஓடுகிறது. சில இடங்களில் கசப்பாகவும் முடிந்திருக்கிறது. இங்கே ஒரே சஹனில் கை வைக்கிறார்கள். "ஓதலுக்கு வரமாட்டன், சோத்துக்கு வருவன்" என்று மச்சானே சொல்லிச் சிரித்தார். அயல் வீடுகளுக்கு நார்சா (ஓதல் சாப்பாடு) பொதி கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

தூங்கப்போகும் முன் மாமா சீறாப்புராணத்தில் இருந்து சில விருத்தங்களை ராகம் போட்டுச் சொன்னார். உமறுப்புலவர் பாடிய ஐயாயிரத்துச் சொச்சம் பாட்டில், பிறப்பைச் சொல்லும் விலாதத்துக் காண்டம் அவருக்குப் பாதி மனப்பாடம். அவர் வாப்பா காலத்தில் இதை முறைவைத்துப் படிப்பார்களாம்.

மறுநாள் வெள்ளி ஜும்ஆத் தொழுகை. குத்பாப் பிரசங்கத்தில் மௌலவி பேசியது அயலவர் உரிமை பற்றி. பின்னேரம் மத்ரஸாப் பிள்ளைகளின் குர்ஆன் கிராஅத், பேச்சு என்று இருந்தது. உம்மா அவசரப்படுத்தியதால் பாதியில் கிளம்பினோம்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மீலாத் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும்; 2026இல் ஓகஸ்ட் கடைசி. தலைப்பிறையில் இருந்தே மௌலித் ஓதும் இடங்களில் மஃரிப், இஷாத் தொழுகைக்குப் பிறகு ஓதல் இருக்கும். வேற்று மதத்தவர் என்றாலும் தெரிந்த வீடு ஒன்று இருந்தால் தயங்காமல் கேளுங்கள். பள்ளிக்குள் போவதென்றால் நிர்வாகத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். சாப்பிடாமல் போங்கள், சஹனில் உட்காராமல் விடமாட்டார்கள்.