கென்ய அதிபரை முடிவு செய்யும் ஒற்றைத் தாள்

கென்யாவில் அதிபர் தேர்தல் வந்தால் நம் செய்திகளில் அடிபடுவது இரண்டே விஷயம்: யார் முன்னிலை, எங்கே கலவரம். இரண்டுக்கும் நடுவில், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் அதிபர் ஓட்டின் முடிவை எழுதும் 34ஏ என்றொரு படிவம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளாமல் 2017-இல் உச்ச நீதிமன்றம் ஏன் தேர்தலை ரத்து செய்தது, 2022-இல் வில்லியம் ரூட்டோவின் வெற்றியை ஏன் தொடவில்லை என்பது விளங்கவே விளங்காது.

விதியிலிருந்து தொடங்குகிறேன். 2010 அரசியல் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி, முதல் சுற்றிலேயே அதிபராக இரண்டு நிபந்தனைகள். பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். அதோடு, 47 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) குறைந்தது 24-இல் தலா 25 சதவீதம் வாங்க வேண்டும். ஒரு கவுண்டியில் 2 லட்சம் ஓட்டு விழுந்தால் அங்கே 50,000 கிடைத்தாக வேண்டும். ஒரு சமூகத்தின் ஓட்டை மட்டும் மொத்தமாக அள்ளிக்கொண்டு யாரும் அதிபராகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இரண்டாவது நிபந்தனை. யாருக்கும் இரண்டும் அமையவில்லை என்றால், முதல் இருவருக்குள் 30 நாளில் மறுசுற்று. இதுவரை அப்படி ஒன்று நடந்ததில்லை.

பாதி என்பது எதில் பாதி? இதில்தான் 2013-இல் பெரிய வழக்கே நடந்தது. செல்லாத ஓட்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தேர்தலில் வென்ற உஹுரு கென்யாட்டா பாதியைத் தாண்டியது ஏறத்தாழ 8,400 ஓட்டில். செல்லாத ஓட்டைச் சதவீதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அப்போது தீர்த்துச் சொன்னது.

இனி வாக்குச்சாவடிக்குள் போவோம். பெரும்பாலும் பள்ளி வகுப்பறைதான். ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 700 வாக்காளர். ஒரு பள்ளியில் 1,500 பேர் பதிவு செய்திருந்தால் மூன்று அறைகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வோர் அறையும் கணக்கில் தனிச் சாவடி. 2022-இல் இப்படி 46,229 சாவடிகள், 2,21,20,458 வாக்காளர்கள். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை வாக்குப்பதிவு. ஒரே நாளில் ஒருவர் ஆறு ஓட்டுப் போடுகிறார். அதிபருக்கு வெள்ளைச் சீட்டு, ஆளுநருக்கு நீலம், செனட்டருக்கு மஞ்சள், நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பெட்டி மூடியும் அதே நிறம். அப்படியிருந்தும் பச்சைச் சீட்டு வெள்ளைப் பெட்டிக்குள் போய் விழத்தான் செய்கிறது.

வாக்காளரை அடையாளம் காண்பது கீம்ஸ் என்கிற கைக்கருவி. விரல் ரேகை ஒத்துவராவிட்டால் அடையாள அட்டை எண்ணைத் தட்டித் தேடுவார்கள். கருவியே படுத்துவிட்டால் அச்சிட்ட பட்டியல். அப்படி ஓட்டுப் போட்டவருக்கு 32ஏ படிவம் நிரப்ப வேண்டும்.

மாலையில் அதே அறையில், அதே மேசையில் எண்ணிக்கை தொடங்குகிறது. முதலில் எடுப்பது வெள்ளைப் பெட்டி. ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி, பெயரைச் சத்தமாகப் படித்து, முகவர்கள் பார்த்த பிறகே வேட்பாளர் வாரியாக அடுக்குகிறார்கள். முடிந்ததும் தலைமை அலுவலர் 34ஏ எழுதுகிறார். சாவடியின் பெயர், குறியீட்டு எண், பட்டியலில் பதிவு செய்த வாக்காளர் தொகை, வேட்பாளர் வாரியாக ஓட்டு, செல்லாதவை, செல்லும் ஓட்டின் மொத்தம், கடைசியில் தலைமை அலுவலர், முகவர்கள் கையொப்பம். முகவர் கையெழுத்துப் போட மறுத்தால் காரணத்தை எழுத இடம் உண்டு. மறுத்தார் என்பதற்காக மட்டும் முடிவு செல்லாமல் போகாது. ஒரு படியை அறைக் கதவில் ஒட்டுகிறார்கள், முகவர்களுக்கு ஆளுக்கொரு படி. அதன் பிறகு கீம்ஸ் கருவியால் படிவத்தைப் படமெடுத்து நைரோபிக்கு அனுப்புகிறார்கள்.

கதவில் ஒட்டிய அந்தத் தாள்தான் சட்டப்படி இறுதி முடிவு. இதைப் போராடிப் பெற்றார்கள். 2017 ஜூன் 23-இல் மனித உரிமைச் செயற்பாட்டாளர் மைனா கியாய் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அடிமட்டத்தில் அறிவித்த எண்ணிக்கையை நைரோபியில் உட்கார்ந்துகொண்டு தேர்தல் ஆணையத் தலைவர் மாற்ற முடியாது என்று தெளிவாக்கியது. கென்ய மக்களாட்சிக்கு இதைவிடப் பெரிய காரியத்தை வேறெந்தத் தீர்ப்பும் செய்ததாக நான் நினைக்கவில்லை. 2007-இல் இந்தப் பாதுகாப்பு இல்லை. டிசம்பர் 30 மாலை முடிவை அறிவித்த சற்று நேரத்தில் அதிபராக இருந்த ம்வாய் கிபாகி அரசு மாளிகையில் மறுபடியும் பதவியேற்றார். அடுத்து வந்த வன்முறையில் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். பிறகு விசாரித்த கிரீக்ளர் ஆணையம், மேலே வரும் வழியில் எண்கள் அவ்வளவு சிதைந்திருந்ததால், உண்மையில் வென்றது யார் என்றே சொல்ல முடியாது என்றது.

படம் ஒரு வழியில் போக, அசல் தாள் இன்னொரு வழியில் போகிறது. தலைமை அலுவலர் அதைத் தொகுதி மையத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே தொகுதியின் எல்லா 34ஏ-யையும் கூட்டி 34பி எழுதுகிறார்கள். இப்படி 290 தொகுதிகள், வெளிநாட்டு வாக்காளர்களுக்கு ஒன்று. தேர்தல் அலுவலர் அசல் 34ஏ கட்டுகளையும் 34பி-யையும் தானே சுமந்துகொண்டு நாடு முழுவதற்குமான கூட்டல் நடக்கும் நைரோபியின் போமாஸ் மையத்துக்கு வர வேண்டும். அங்கே முகவர்கள் முன்னால் சரிபார்த்துக் கடைசியாக நாட்டின் மொத்தத்தை எழுதும் 34சி. எல்லாம் ஏழு நாளுக்குள் முடிய வேண்டும். வடக்கு எல்லைக் கவுண்டிகளான துர்கானாவிலிருந்தும் மண்டேராவிலிருந்தும் வருபவர்களுக்கு அந்த ஏழு நாள் எவ்வளவு நெருக்கடி என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்.

2017-இல் இந்த இரண்டு வழியும் பிரிந்துவிட்டன. திரையில் எண்கள் ஓடின, அவற்றுக்குரிய படிவங்கள் வரவில்லை. ஆகஸ்ட் 11-இல் கென்யாட்டா 54.27 சதவீதத்துடன் வென்றார் என அறிவித்தபோது ஆயிரக்கணக்கான 34ஏ-க்கள் ஆணையத்தின் கையில் இல்லை. சில 34பி-க்களில் பாதுகாப்புக் குறிகளே இல்லை. சர்வரைத் திறந்து காட்டச் சொல்லி நீதிமன்றம் போட்ட உத்தரவை ஆணையம் முழுமையாக மதிக்கவில்லை. வித்தியாசமோ 9 சதவீதத்துக்கு மேல். இருந்தும், தலைமை நீதிபதி டேவிட் மராகா உள்ளிட்ட நால்வர், எதிராக இருவர் என்ற கணக்கில் செப்டம்பர் 1-இல் தேர்தல் ரத்தானது. எண் எவ்வளவு பெரிது என்று மட்டும் பார்க்காமல், அந்த எண் வந்த வழி சரியா என்று பார்த்த தீர்ப்பு அது. பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியை ஆப்பிரிக்காவில் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை. அக்டோபர் 26 மறுதேர்தலை எதிர் வேட்பாளர் ரைலா ஒடிங்கா புறக்கணித்தார். கென்யாட்டாவுக்கு 98 சதவீதம் கிடைத்தது, ஆனால் ஓட்டுப் போட வந்தவர்கள் பத்துக்கு நாலு பேர்கூட இல்லை.

2022-இல் ஆணையம் ஒரே ஒரு நல்ல முடிவை எடுத்தது. எண்களை ஓடவிடவில்லை. 34ஏ படங்களை மட்டும் பொதுத் தளத்தில் போட்டது, யார் வேண்டுமானாலும் இறக்கிக் கூட்டிக்கொள்ளலாம். ஊடகங்கள் ஆளுக்கொரு வரிசையில் கூட்டியதால் முதல் இரண்டு நாள் ஒவ்வொரு சேனலிலும் ஒவ்வொருவர் முன்னிலை, மக்கள் குழம்பினார்கள். ஆனால் பிறகு வழக்கு வந்தபோது காப்பாற்றியது அந்தப் படங்கள்தான். தளத்தில் இருந்த படமும் போமாஸ் வந்த அசலும் மாறுபடுவதாகச் சொன்ன குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 15-இல் ஆணையத் தலைவர் வஃபுலா செபுகாட்டி முடிவை அறிவிப்பதற்குச் சற்று முன், ஏழு ஆணையர்களில் நால்வர் அதைத் தாங்கள் ஏற்கவில்லை என்றார்கள். மறுநாள் அவர்கள் காட்டிய காரணம்: சதவீதங்களைக் கூட்டினால் 100.01 வருகிறது, அந்த 0.01 ஏறத்தாழ 1,42,000 ஓட்டு. கையில் பேனா எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். நான்கு வேட்பாளர்கள்: ரூட்டோ 71,76,141. ஒடிங்கா 69,42,930. வஜாகோயா 61,969. ம்வாவுரே 31,987. மொத்தம் 1,42,13,027. சதவீதம் முறையே 50.48989, 48.84906, 0.43600, 0.22505. இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் நான்குமே மேலே ஏறுகின்றன: 50.49, 48.85, 0.44, 0.23. கூட்டினால் 100.01. ஓட்டு எதுவும் கூடவில்லை, தசமம் மட்டும் கூடியது. மேலும் 1.42 கோடியில் 0.01 சதவீதம் என்பது 1,421 ஓட்டுதான், 1,42,000 அல்ல. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நேரத்தில், பொறுப்பில் இருந்தவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்காமல் பேசியது எனக்கு இன்றும் கோபம் தருகிறது.

அதே எண்களில் இன்னொன்றும் தெரியும். ரூட்டோ பாதியைத் தாண்டியது 69,627 ஓட்டில். 46,229 சாவடிகளுக்குப் பிரித்தால் சாவடிக்குச் சராசரியாக ஒன்றரை ஓட்டு. ஒவ்வொரு வகுப்பறையிலும் அந்தத் தாள் சரியாக எழுதப்பட வேண்டியதன் அவசரம் இதில் இருக்கிறது.

அறிவிப்புக்குப் பின் ஏழு நாளில் மனு, மனு வந்த 14 நாளில் தீர்ப்பு. 2022-இல் ஆகஸ்ட் 22 மனு, செப்டம்பர் 5 தீர்ப்பு, தலைமை நீதிபதி மார்த்தா கூமே தலைமையில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக. செப்டம்பர் 13 செவ்வாயன்று கசரானி விளையாட்டரங்கில் பதவியேற்பு. 14 நாளில் 46,000 பெட்டிகளைத் திறந்து எண்ண வழியில்லை. சில சாவடிகளில்தான் மறு எண்ணிக்கை நடக்கும். ஆகவே பெட்டியைவிடத் தாளே சாட்சி.

அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. 2023 ஜனவரியில் செபுகாட்டியின் காலம் முடிந்த பிறகு, புதிய ஆணையம் பதவியேற்கவே 2025 ஜூலை ஆகிவிட்டது. ஐந்து தேர்தலில் அதிபர் பதவிக்கு நின்ற ஒடிங்காவும் இனி இல்லை. 2025 அக்டோபர் 15-இல் கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்தில் சிகிச்சையில் இருந்தபோது காலமானார்.

2027 தேர்தல் இரவில் படிவங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இப்படிப் பாருங்கள். முதலில் குறியீட்டு எண்: முதல் மூன்று இலக்கம் கவுண்டி, மொம்பாசா 001, நைரோபி 047. ஒரே பள்ளியின் முதல் அறைப் படிவம் இருமுறை ஏறி, இரண்டாம் அறை விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேலே 34ஏ என்றுதான் இருக்கிறதா, அவசரத்தில் ஆளுநரின் 37ஏ-யைப் படமெடுத்து அனுப்பிவிட்டார்களா? வேட்பாளர் ஓட்டுகளை நீங்களே கூட்டி, எழுதியிருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். செல்லாததையும் சேர்த்தால் பட்டியலில் பதிவு செய்த வாக்காளர் தொகையைத் தாண்டக் கூடாது, 700-ஐயும் தாண்டக் கூடாது. அடித்துத் திருத்திய இடத்தில் கையொப்பம் இருக்கிறதா? எத்தனை முகவர்கள் கையெழுத்து? முக்கியமாக, பார்த்த படிவத்தை அன்றிரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் கழித்துப் போமாஸில் வேறொரு எண் படிக்கப்பட்டால், ஒப்பிட்டுக் காட்ட அந்த முதல் இரவின் படம் வேண்டும்.