66-இல் நின்றுபோன கஞ்சிரா

ஒருவழியாக என் கஞ்சிராவில், ஒரு கையால் பிடித்து மறு கையால் தட்டும் அந்தச் சின்னத் தோல் வாத்தியத்தில், 72 வந்துவிட்டது; அதாவது வேகம் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 72 தட்டு. தட்டு ஒன்றுக்கு எட்டுச் சொல் (ஒவ்வொரு அடியும் ஒரு சொல்), ‘தரிகிட தரிகிட’, ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு தாளச் சுற்று, எங்கும் வழுக்காமல். மிருதங்கக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு இரண்டு கை. நமக்கு ஒன்றரைதான், அந்த அரைக்கைக்கு வாத்தியத்தைத் தூக்கிப் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கிறது.

போன தீபாவளிக்கு முன்பிருந்தே நான் 66-இல்தான் நின்றுகொண்டிருந்தேன். 63-இல் சுத்தமாக வரும். 66-இல் முதல் ஆவர்த்தனம் சரி, அப்புறம் ‘கி’ காணாமல் போகும். 69 வைத்தால் எல்லாம் ஒரே கூழ். ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிப் பார்த்தாயிற்று. பாதி வேகத்துக்கு இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தாயிற்று. ‘கி’க்கு மட்டும் அழுத்தம் கொடுத்தும் பார்த்தாயிற்று. கொஞ்ச நாள் தொடாமல் விட்டால் தானே வரும் என்று ஒருவர் சொன்னார். விட்டேன், 60-க்கு இறங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் வழி காட்டியது எனக்குச் சொல்லித்தரும் சார் கேட்ட ஒரு கேள்வி. நான் வாசிப்பதை வேறு பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், “தம்பி, சொல் இருக்கட்டும். காசு சத்தம் எங்க போச்சு?” என்றார்.

காசை யார் கவனிக்கிறார்கள்? என் கஞ்சிராவின் மரக்கட்டை வளையத்தில் ஒரே ஒரு துளை, அதில் இரண்டு உலோகக் காசு. மெதுவாக வாசிக்கும்போது சிலுசிலு என்று கூடவே வரும். வேகம் கூடக்கூட அந்தச் சத்தம் அடங்கிப்போகிறது. காரணம் இடக்கை. வலக்கை திணறத் தொடங்கியதும் இடது கட்டைவிரல் கட்டையை இறுக்குகிறது, அந்த இறுக்கம் தோள் வரை ஏறி, வலது மணிக்கட்டையும் பிடித்துவிடுகிறது. ஆள்காட்டி விரல் ஒரு பக்கம், மற்ற மூன்றும் ஒரு பக்கம் என்று கையைப் பிளந்து ஆட்டுகிற முறையில் ஆட்டம் முழுக்க மணிக்கட்டில்தான் இருக்கிறது. அது பூட்டிக்கொண்டால் விரலை எவ்வளவு விரட்டினாலும் பயன் இல்லை.

அதன் பிறகு தோலைக் கேட்பதை நிறுத்திவிட்டுக் காசை மட்டும் கேட்டுப் பழகினேன். அதற்கு ஒரு ஏற்பாடு: பழைய யோகா பாயை வட்டமாக வெட்டி, உள்பக்கம் தோலோடு ஒட்டும்படி திணித்துவிட்டேன். தோல் ஊமையாகிவிடும், காசு மட்டும் பேசும். காசு சீராக விழுந்தால் இடக்கை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு பயிற்சி, வலக்கை 60-இல் தரிகிட ஓட்டிக்கொண்டிருக்க, ஒவ்வொரு தட்டிலும் இடது கை விரல்கள் தோலை லேசாக அழுத்தி விடுவது. கும்கிக்காக (தோலை அழுத்தி வளைக்கும் அடிநாதம்) இல்லை, கை உறையாமல் இருக்க. பார்க்கச் சின்ன வேலை. முதல் சில நாள் இரண்டு கையும் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டன.

யோகா பாய்க்கு இன்னொரு லாபமும் உண்டு. சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரவு வெகுநேரம் தட்ட முடியாது, எதிர்வீட்டு ஆன்ட்டியின் பேரப்பிள்ளை சீக்கிரமே தூங்கிவிடும். இப்போது யாருக்கும் தொந்தரவு இல்லை.

சரி, 72 என்று பீற்றிக்கொண்டேனே, அது எந்தத் தோலில் என்று கேட்கவேண்டும். காய்ந்த தோலில் விரல் துள்ளி எழும். அதில் வேகம் யாருக்கும் வரும். கும்கி பேசும் பதத்துக்குத் தண்ணீர் விட்டால் தோல் குழைந்து விரலை உள்ளே வாங்கிக்கொள்கிறது, உடனே மூன்று நான்கு எண் இறங்கிவிடும். அதனால் நனைத்த தோலில் வந்ததைத்தான் குறித்து வைக்கிறேன்.

இந்த ஊரில் அந்தப் பதம் பிடிப்பதே தனி வித்தை. ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். மழை விட்ட சாயங்காலம் புளோக்குக்குக் கீழே உட்கார்ந்தால் நனைத்த விரலால் ஒரு தடவு தடவினால் போதும், சில நாள் அதுவும் வேண்டாம். அதே கஞ்சிராவைச் சமூக மன்றத்து ஏசி அறைக்குக் கொண்டுபோனால் இரண்டு கீர்த்தனைக்குள் ‘டங்’ என்று தகரம் மாதிரி ஆகிவிடும். நான் கையில் குட்டி ஸ்ப்ரே பாட்டில் வைத்திருக்கிறேன். உள்பக்கம் இரண்டு முறை அடித்து, விரலால் ஓரம் வரை பரப்பிவிட்டு, ஐந்தாறு நிமிடம் தொடாமல் வைக்கவேண்டும். அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் விட்டால் தோல் மொத்தையாகிவிடும், அப்புறம் அன்றைக்கு அவ்வளவுதான். ஹேர் டிரையர் யோசனை சொல்பவர்களை என் கஞ்சிரா பக்கம் விடுவதில்லை.

உடும்புத் தோலாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு என்பார்கள். இருக்கலாம். கஞ்சிரா மேதை ஹரிசங்கரின் பழைய ஒலிப்பதிவுகளில் வரும் அந்த ஆழமான கும்கியைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உடும்பு பாதுகாக்கப்பட்ட விலங்கு, பன்னாட்டு வணிகத்துக்கும் தடை. வேடிக்கை என்னவென்றால், பீஷான் பூங்காவில் காலாங் ஆற்றோரம் நடந்தால் அதன் சொந்தக்காரர்களான நீருடும்புகள் நம்மைச் சட்டை செய்யாமல் குறுக்கே போகும். போகட்டும். நமக்கு ஆட்டுத்தோல்தான்.

சிராங்கூன் சாலைப் பக்கம் விசாரித்தேன். ஒரு கடையில் இருந்தது அலங்காரத்துக்கு மாட்டுகிற ரகம், தோல் ஓரத்தில் பசை விட்டுக் கிளம்பியிருந்தது, விலை மட்டும் கச்சேரி விலை. டிசம்பர் சீசனுக்கு நண்பர் ஒருவர் சென்னை போகிறார், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: பலாக்கட்டை, ஏழரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், ஆட்டுத்தோல் மெல்லியதாக, ஓரம் விரலால் நெருடிப் பார்த்து வாங்கவும். வந்தால் ஒன்றை ஏசி அறைக்கென்றே ஒதுக்கிவிடலாம். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்புவில் இதே தரிகிடவைப் போட்டுப் பார்க்கும் வேலையை அதுவரை பழைய கஞ்சிராவில், 60-இலிருந்து தொடங்குகிறேன்.