எந்த மருந்தை விடலாம்?

இங்கிலாந்தில் மருந்தாளுநராகப் பதிவு வாங்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஊரில் நான்கு வருடம் பி.பார்ம் முடித்துவிட்டு வந்தவனுக்கு, வடக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் வெளிநாட்டு மருந்தாளுநர்களுக்கென்றே ஒரு வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடப் பயிற்சி, அதன் முடிவில் ஒரு தேர்வு. விசாவுக்கு அழுதது தனிக்கணக்கு. அப்போது ஸ்பெயினிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்தவருக்கு அந்தப் படிப்பும் தேவைப்படவில்லை, விசாவும் தேவைப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அவருடைய பட்டம் இங்கே அப்படியே செல்லுபடியானது.

இந்த வயிற்றெரிச்சல் நம்மவர்களிடம் நிறையவே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் இருப்பதா, வெளியேறுவதா என்ற 2016 ஜூன் வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். பந்தியில் பேச்சு முழுக்க இதுதான். "நாம ஃபார்ம் நிரப்பி, பணத்தைக் கட்டி, வருஷக்கணக்கா காத்துக் கிடந்து வந்தோம். அவன் பஸ் ஏறி வந்துடறான்" என்றார் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். அப்போது வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த பிரீதி பட்டேலும் அந்த நரம்பைத்தான் பிடித்தார். ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தால் கறி ஹோட்டல்களுக்கு நம் பக்கத்திலிருந்து சமையல்காரர்களை வரவழைப்பது எளிதாகும் என்பது அவர் வாதம். ஆசியர்களில் பெரும்பாலானோர் இருக்கவே வாக்களித்தார்கள் என்று பின்னால் வந்த கருத்துக்கணிப்பு சொன்னது. அந்தப் பந்தியில் அப்படித் தெரியவில்லை.

நானும் இருக்கவே போட்டேன். பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. மருந்துப் பெட்டியைத் திருப்பி எந்த நாட்டில் தயாரானது என்று தினமும் பார்க்கிறவனுக்கு வேறு மாதிரி போடத் தோன்றாது. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே என்னால் வாக்களிக்க முடிந்தது. என்னோடு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்த போலந்துப் பெண் 2004-ல் வந்தவர். அன்றிலிருந்து வரி கட்டுகிறவர். அவர் இங்கே இருக்கலாமா கூடாதா என்ற வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு இல்லை, எனக்கு இருந்தது.

நாங்கள் வேலை பார்த்தது லிங்கன்ஷயரில் இருக்கும் பாஸ்டன் என்ற ஊரில். அமெரிக்க பாஸ்டனுக்குப் பெயர் கொடுத்த ஊர் இது. ஒரு மேடு கிடையாது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தேவாலயக் கோபுரம் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். கோஸ், காலிஃப்ளவர், உருளைக்கிழங்கு விளையும் வளமான மண். 2004-ல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும்தான் அவர்களைத் தடையில்லாமல் உடனே வேலைக்கு அனுமதித்தன. மிஞ்சிப்போனால் வருடத்துக்கு 13,000 பேர் கூடுவார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. வந்தவர்கள் லட்சக்கணக்கில். 2011 கணக்கெடுப்பில் பாஸ்டன் மக்களில் பத்தில் ஒருவர் அந்தப் புதிய உறுப்பு நாடுகளிலிருந்து வந்தவர். ஐந்து வருடம் கழித்து இங்கே 75.6 சதவீதம் பேர் வெளியேறச் சொல்லி வாக்களித்தார்கள். நாட்டிலேயே அதுதான் அதிகம். அதன்பிறகு கொஞ்ச நாள் சந்தைச் சதுக்கத்தில் காய்கறி வாங்க வந்தவர்களைவிட மைக் பிடித்தவர்கள்தான் அதிகம் இருந்தார்கள். இனவெறி, படிப்பறிவின்மை என்று லண்டனில் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தது வேறு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்தில் வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டவேண்டும். அந்த வருடம் 8.40 பவுண்ட். சீட்டில் மூன்று மருந்து இருந்தால் 25.20. அப்போது 25 வயதைக் கடந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.20. ஆக, மூன்றரை மணி நேரம் குனிந்து கோஸ் அறுத்தால்தான் அந்த மருந்துப் பை கைக்கு வரும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு, ஆஸ்துமாக்காரர்களுக்குக் கிடையாது. விலக்குப் பட்டியல் 1968-ல் போட்டது. காய்கறியைப் பொட்டலம் கட்டும் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருவார்கள். சீட்டை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இதில் எதை விடலாம்?" என்பார்கள். பழுப்பு இன்ஹேலரை விட்டுவிட்டு நீலத்தை எடுத்துக்கொள்வார்கள். நீலம் இழுத்த உடனே மூச்சு விட வைக்கும். பழுப்பு அப்படி இல்லை, தினமும் இழுத்தால்தான் நோயை அடக்கி வைக்கும். விடவே கூடாதது அதுதான். சொன்னால் தலையாட்டுவார்கள், நீலத்தோடு போய்விடுவார்கள். வருடத்துக்கு 104 பவுண்ட் கட்டினால் எத்தனை மருந்து வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அப்போது ஒரு முன்கட்டணத் திட்டம் இருந்தது, தவணையும் உண்டு. நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று ஏஜென்சியின் குறுஞ்செய்திக்குக் காத்திருப்பவரிடம் அதை விளக்குவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கும்.

இப்படிக் கேட்டவர்களில் லிதுவேனியாக்காரரும் உண்டு, தாத்தா காலத்திலிருந்து பாஸ்டனிலேயே இருப்பவரும் உண்டு. கேள்வியும் ஒன்றுதான், குரல் தாழ்வதும் ஒரே மாதிரிதான். ஆனால் உள்ளூர்க்காரர் திரும்பிப் போகும்போது, பின்னால் வரிசையில் நிற்கும் லிதுவேனியாக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

அந்தப் பார்வையில் கொஞ்சமும் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் ஆள் கூடிய அளவுக்கு டாக்டரும் பள்ளிக்கூடமும் கூடவில்லை. 2010-க்குப் பிறகு நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னின் சிக்கன பட்ஜெட்டுகளில் உள்ளாட்சிகளுக்கு வரும் பணம் வருடா வருடம் சுருங்கியது. இதில் லாபம் பார்த்தவர்கள் பண்ணை முதலாளி, ஆள் பிடித்துக் கொடுத்தவர், ஒரு வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டவர், அடிமாட்டு விலைக்குக் கோஸ் வாங்கிய சூப்பர் மார்க்கெட். அவர்களில் ஒருவரும் எங்கள் கடை வரிசையில் நிற்பதில்லை. கண்ணில் பட்டவர் லிதுவேனியாக்காரர்தான்.

ஜூன் 24 காலை. 51.9க்கு 48.1 என்று வெளியேறும் பக்கம் ஜெயித்து, பிரதமர் டேவிட் கேமரன் ராஜினாமாவும் அறிவித்துவிட்டார். போலந்துப் பெண் வழக்கம்போல வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். வாராவாரம் மாத்திரை வாங்க வரும் முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவர் முதல் ஆளாக வந்தார். அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்ததுதான், மாதக்கணக்காகச் சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தார். அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "உன்னைச் சொல்லவில்லை கண்ணு" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"அப்புறம் யாரை?"

யோசித்தார். "மற்றவர்களை."

காலை, மதியம், இரவு என்று நாள்வாரியாகத் தானே அடுக்கி வைத்திருந்த மாத்திரைத் தட்டை எடுத்து அந்தப் பெண் நீட்டினார். பெரியவர் என் பக்கம் திரும்பி, "உங்களையும் இல்லை" என்றார். எனக்கு வாக்கு இருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒன்றியத்துக்கு அனுப்பும் வாரம் 35 கோடி பவுண்டை, அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸுக்குக் கொடுக்கலாம் என்று எழுதிய சிவப்பு பஸ் ஊர் ஊராகச் சுற்றியது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான்கு மாதம் கழித்து அக்டோபரில் எங்களுக்கு வந்த செய்தி வேறு. இங்கிலாந்து மருந்துக்கடைகளுக்கு அரசு தரும் வருடாந்திரப் பணம் 280 கோடி பவுண்டிலிருந்து 268.7 கோடியாகவும், அடுத்த வருடம் 259.2 கோடியாகவும் குறையும் என்றார்கள். எங்கள் கடையில் சனிக்கிழமை வேலைக்கு வரும் பெண்ணை நிறுத்தினார்கள்.

2018 குளிர்காலத்திலிருந்து கொள்முதல் கணினியைத் திறக்கவே பயமாக இருந்தது. நாப்ராக்ஸன் போன்ற சாதாரண வலி மாத்திரைக்கே தட்டுப்பாடு, விலை தாறுமாறு. ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறினால் என்ன ஆகும் என்று அஞ்சி, மருந்து நிறுவனங்கள் ஆறு வாரச் சரக்கைக் கூடுதலாக வைத்திருக்கவேண்டும் என்று அரசு கேட்டது. நாங்களும் நோயாளிகளும் மட்டும் பதுக்கக்கூடாதாம். பிரிட்டனில் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. "இன்னொரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்களேன்" என்று கேட்டவர்களில் பேட்ஜ் குத்தியவர்களும் இருந்தார்கள், குத்தாதவர்களும் இருந்தார்கள்.

ஒன்றியத்து ஆட்கள் தங்குவதற்கான விண்ணப்பச் செயலி முதலில் ஆண்ட்ராய்டு போனில் மட்டும்தான் ஓடியது. போலந்துப் பெண்ணிடம் ஐபோன். என் போனை வாங்கிக்கொண்டு பின்னறையில் பாஸ்போர்ட்டை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். விசாவுக்காக நான் கட்டிய தொகையையெல்லாம் மனதுக்குள் கூட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றேன். அவருக்கு இலவசம். ஆனாலும் கை நடுங்கியது அவருக்குத்தான். அனுமதி கிடைத்தது. இருந்தும் ஒரு வருடத்தில் ஊருக்கே திரும்பிவிட்டார். பவுண்ட் விழுந்த பிறகு இங்கே குப்பை கொட்டுவதில் அர்த்தமில்லை என்றார்.

2021 முதல் ஐரோப்பியருக்கும் நமக்கும் ஒரே விசா விதி. ஈஸ்ட் ஹாம் அண்ணன் கேட்டது நடந்துவிட்டது. மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஆள் வந்தார்கள். வயல்களுக்கு ஆறு மாதப் பருவ விசா. 2019-ல் 2,500 பேர் என்ற உச்சவரம்போடு தொடங்கியது, 2023-ல் அது 45,000. உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், நேபாளம், இந்தோனேசியா என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள், சிலர் ஊரில் ஏஜென்டுக்குக் கடன் பட்டு. கோஸ் அறுக்க உள்ளூரில் ஆள் வரப்போவதில்லை என்பது பண்ணைக்காரர்களுக்கு எப்போதுமே தெரியும்.

2024 ஜூலையில் பாஸ்டன் தொகுதியில், குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸ் ஜெயித்தார். அடுத்த மாதம் நான் படித்த சண்டர்லாந்தில் கலவரம். வெளிநாட்டவரை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம் காவல் நிலையத்தை ஒட்டியிருந்த சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தைக் கொளுத்தியது. கடன், வாடகை, உதவித்தொகைச் சிக்கலுக்கெல்லாம் காசில்லாமல் வழி சொல்கிற இடம் அது. அதற்குத் தீ வைத்த கோபத்தை இன்னமும் என்னால் எந்தக் கணக்கிலும் வைக்க முடியவில்லை.

லாரி ஓட்டுநர் இப்போதும் வருகிறார். தேர்தல் முடிந்த வாரம், "இந்த முறை யாருக்கு?" என்று கேட்டேன்.

"சொன்னால் மாத்திரை தரமாட்டீர்களா?"

"உங்களுக்கென்ன, அறுபதைத் தாண்டியவர், இலவசம். பின்னால் நிற்கிறானே அந்த உஸ்பெக் பையன், அவன்தான் மருந்துக்கு 9.90 கட்டவேண்டும்."

திரும்பிப் பார்த்தார். "அவனும் கட்டவேண்டுமா? இவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன்."

கட்டணப் பட்டியலை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். அடுத்த தேர்தலிலும் அதே கட்சிக்குத்தான் போடுவார் என்று நினைக்கிறேன்.